முறைத் தண்ணீர்

கீழ்வேளூரில் எங்கள் வீடு சாலைமேல் இருந்தது. எழுத்தில்தான் கீழ்வேளூர், ஊர்க்காரர் வாயில் கீவளூர். திருவாரூரிலிருந்து கிழக்கே வரும் சாலை எங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டு சிக்கல் வழியாக நாகப்பட்டினம் போகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பினால் நாகூர் தர்கா, தெற்கே திரும்பினால் வேளாங்கண்ணி மாதா கோயில். நடுவழியில் சிக்கல் சிங்காரவேலர். எங்கள் ஊரிலேயே மாடக்கோயிலின் மேல் கேடிலியப்பர். மேற்கேயிருந்து எந்தத் தெய்வத்தைத் தேடி யார் நடந்து வந்தாலும் எங்கள் திண்ணையைக் கடந்துதான் போக வேண்டும்.

அந்தத் திண்ணையில் மணல் பரப்பி இரண்டு மண்பானைகள் வைத்திருக்கும். பானைக்குள் வெட்டிவேர் முடிச்சு. மேலே மூடிய பித்தளைத் தட்டில் நான்கு பித்தளை லோட்டாக்கள் கவிழ்ந்திருக்கும். எல்லாம் அப்பாயியின் பொறுப்பு. ஆவணி பிறந்து பத்து நாள் ஆவதற்குள் காவி வேட்டியும் காவிச் சேலையுமாக வேளாங்கண்ணி நடைக்கூட்டம் வரத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். அந்த நாட்களில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நீர்மோர்ப் பானை ஒன்றும் வந்து உட்காரும். ஐப்பசியில் முருகன் தாயிடம் வேல் வாங்கும் சஷ்டிக்குச் சிக்கல் போகிறவர்கள் வருவார்கள். நாகூர்க் கந்தூரி மட்டும் பிறைக் கணக்கு. வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்பாயி அதையும் நினைவில் வைத்திருந்தார்.

"தாகத்துக்கு வந்தவங்ககிட்ட ஊரு கேக்காதடா. ஊரு கேட்டா பேரு வரும். பேரு கேட்டா மத்ததெல்லாம் வரும்." அப்பாயி எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் இது. பாட்டியின் நல்ல மனதுக்குச் சாட்சியாக இதை நான் பல வருடம் மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகு புரிந்தது. மீதியையும் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

*

அடியக்கமங்கலம் பக்கத்திலிருந்து சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு ஒரு பாய் வருவார். தீபாவளிக்குத் துணி கடனாகத் தருவார். தையில் அறுவடை முடிந்ததும் வசூலுக்கு வருவார். அப்பாயியை "பெரியம்மா" என்பார். நேராக ரேழி தாண்டிக் கூடத்துக்கு வந்து மூட்டையை இறக்குவார். நாகூரில் சந்தனக்கூடு முடிந்த வாரம் அவர் வந்தால், மடித்த வாழை இலைத் துண்டில் கொஞ்சம் சந்தனம் இருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து ராத்திரி புறப்பட்டு விடியற்காலையில் தர்கா வந்து சேரும் கூட்டின் சந்தனம் அது. ஆண்டவர் அடக்கத்தில் பூசியதில் ஒரு துளி. அப்பாயி எங்கள் கழுத்தில் தடவிவிட்டு, மிச்சத்தை சாமி மாடத்தில் திருநீற்று மரவைக்குப் பக்கத்தில் வைப்பார். குழந்தைக்குச் சுரம் கண்டால் இரண்டிலும் ஒவ்வொரு விரல் தொட்டு எடுப்பார்.

நாகூர் ஆண்டவர் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் ஷாகுல் ஹமீது, 16ஆம் நூற்றாண்டின் ஞானி. தஞ்சாவூர் நாயக்க மன்னரின் நோயை அவர் தீர்த்தார், அந்த நன்றிக்கு நிலம் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானது, 131 அடி, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. இந்த விவரமெல்லாம் அப்பாயிக்குத் தெரியாது. பிள்ளைக்கு முதல் முடி எடுக்க நாகூர் போகலாமா வைத்தீஸ்வரன் கோயில் போகலாமா என்று எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பேசிக்கொள்வார்கள். வண்டிச் சத்தம் எது குறைவு என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவாகும்.

*

1984. எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் எங்களை வந்து சேர வாரக்கணக்கு ஆகும். வந்த தண்ணீரும் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் பாயாது. இன்னார் வயலுக்கு இத்தனை நேரம் என்று முறை வைத்து மடை திறக்க வேண்டும். முறைத் தண்ணீர் என்போம். எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு மடை பார்த்தவர் சேரியிலிருந்து வரும் ஒரு பெரியவர். ராத்திரியெல்லாம் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக வரப்பில் இருப்பார். மேல்வயல்காரர் கொஞ்சம் கூட விடச் சொன்னாலும் விடமாட்டார். "கீழ இருக்கவனுக்குப் பயிரு காயுதுங்க" என்பார். அவர் கணக்கில் பிசகு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புறமாக வருவார். கொல்லையில் பூவரச மரக் கிளை இடுக்கில் ஒரு கொட்டாங்கச்சி செருகியிருக்கும். அது அவருடையது. கஞ்சியோ தண்ணீரோ அதில் உயரத் தூக்கி ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவி அவரே திரும்பச் செருகிவிட்டுப் போவார். இது எனக்கு விசித்திரமாகவே தெரியவில்லை. மரத்தில் இலை இருப்பதுபோல அதுவும் இருந்தது.

அந்த ஆவணியில் அவர் பிள்ளைக்கு விடாத காய்ச்சல் வந்து தீர்ந்தது. நடந்து வருவதாக மாதாவுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். மேற்கேயிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, காவி வேட்டியில், எங்கள் வாசலுக்கே வந்து நின்றார். முன்வாசலில் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கூட்டத்தார் திண்ணையில் ஏறி உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். அவர் தார்ச்சாலை ஓரத்து வெயிலிலேயே நின்றார். அவர் யாரென்று கூட்டத்துக்குத் தெரியாது. "வாங்கண்ணே, இப்படி நெழல்ல உக்காருங்க" என்று ஒருவர் கூப்பிட்டார். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

நான் ஒரு லோட்டாவில் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். நீட்டினேன். அவர் லோட்டாவைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், வாசல்படியில் நின்ற அப்பாயியைப் பார்த்தார். குனிந்து இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"கையில ஊத்துங்க சின்னய்யா."

ஊற்றினேன். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து காவி வேட்டியை நனைத்தது. திரும்பிப் பார்த்தபோது அப்பாயி மோர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். "குடு" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. கூட்டம் போன பிறகு நான்கு லோட்டாக்களையும் புளி போட்டுத் தேய்த்தார். அது தினமும் செய்கிற வேலையா, அன்றைக்கென்று செய்ததா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது.

ஊர் கேட்காத திண்ணை அது. ஊர் கேட்கத் தேவையே இல்லாதபடி, நன்றாகத் தெரிந்த ஒருவர் வந்து நின்றபோது அந்தத் திண்ணையின் தண்ணீர் அவர் வாய்க்கு லோட்டாவில் போய்ச் சேரவில்லை.

*

ஒன்பதாம் வகுப்பில் வரலாற்று ஆசிரியர் எங்களை ஜன்னல் வழியாக வயல்வெளியைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பேசினார். எங்களுக்குப் பக்கத்து ஊர் ஆனைமங்கலம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விஹாரம் என்ற புத்தப் பள்ளிக்கு, அந்த ஊரின் வருவாயை ராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் எழுதி வைத்தான். ஏறத்தாழ 1006ஆம் ஆண்டு. 8,000 கலத்துக்கும் மேற்பட்ட நெல். சிவபக்தனான அரசன், கடல் கடந்த பௌத்த அரசனின் பள்ளிக்குக் கொடுத்தான். அதைச் சொல்லும் 21 செப்பேடுகள் டச்சுக்காரர் காலத்தில் கடல் தாண்டி லெய்டன் போய்ச் சேர்ந்தன. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சைக்கிள் எடுத்துக்கொண்டு ஆனைமங்கலம் போய் வயலைப் பார்த்துவிட்டு வந்தோம்.

கல்லூரிக்குப் போன பிறகு இன்னொன்று படித்தேன். அதே ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்களின் இறையிலி நிலங்களைப் பட்டியலிடும் இடத்தில், தீண்டாச்சேரி என்ற சொல்லும் வெட்டப்பட்டிருக்கிறது. வேற்று மதத்துக்கு ஊரையே கொடுத்த கை, ஊருக்குள்ளேயே ஒரு தொடாத எல்லையையும் கணக்கில் எழுதிவைத்தது. எங்கள் திண்ணையும் கொல்லைப் பூவரசும் அந்த இரண்டு எழுத்துகளின் வாரிசுகள் என்று அன்றைக்குத் தோன்றியது.

எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயர் உண்டு, வெண்மணி. தேவூர்ப் பக்கம், சைக்கிள் மிதிக்கும் தூரம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் பகையில், கீழ்வெண்மணிச் சேரியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரை எரித்துக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலச்சுவான்தார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய ராத்திரியில், வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் சிக்கலுக்கும் நடந்து போகிற தூரத்தில் நடந்தது இது. மூன்று மதத்துக்கும் தண்ணீர் கொடுத்த எங்கள் சாலையில் அன்று யார் எழுந்து ஓடினார்கள் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெண்மணிக்குப் பிறகு சர்வோதய இயக்கத்தின் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பக்கம் வந்து தங்கினார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். மடை பார்த்த பெரியவரின் மனைவி பெயருக்கும் ஒரு ஏக்கர் வந்தது. அதே 1981இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடு முழுவதும் அதை மதப் பிரச்சினையாகப் பேசியது. பெரிய தலைவர்கள் எல்லாம் அந்தச் சிற்றூருக்கு வந்து போனார்கள். தீண்டாமை தாங்காமல்தான் மாறினோம் என்று அந்த மக்கள் சொன்னதை எத்தனை பேர் காதில் வாங்கினார்கள்? கொட்டாங்கச்சியைப் பார்த்தவனுக்கு அது உடனே விளங்கும்.

*

1992 டிசம்பர் 6, அயோத்தியில் பாபர் மசூதியை இடித்தார்கள். 1995இல் எங்கள் நாகூரிலேயே பார்சலில் வந்த வெடிகுண்டு, அதைப் பிரித்த ஒரு பெண்ணைக் கொன்றது. சந்தனம் வந்த ஊரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. அப்பாயி அன்று மாடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். 1998 பிப்ரவரி 14, கோயம்புத்தூரில் தொடர் குண்டுவெடிப்பு. 58 உயிர்கள். அதற்கு முந்தைய நவம்பரில் அங்கே கலவரத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நியாயப்படுத்த இரண்டு பக்கத்திலும் ஆள் இருந்தார்கள்.

அந்த மாசியில் பாய் வசூலுக்கு வந்தார். வழக்கம்போலப் புது வரவையும் மூட்டையாகக் கட்டியிருந்தார். அன்று திண்ணையில் என் உறவுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "மூட்டைய இங்கயே அவுத்துக் காட்டிட்டு உள்ள வாங்க பாய். காலம் அப்படி இருக்கு" என்றார்.

பாய் எதுவும் பேசவில்லை. மூட்டையைத் திண்ணையில் இறக்கினார். தினமும் அவிழ்க்கிற முடிச்சுதான், அன்று அவிழ நேரமானது. சுங்குடிச் சேலை, கைலி, பாவாடைத் துணி, சின்னப் பிள்ளைகளுக்கான சட்டைத் துணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உதறி உதறி அடுக்கினார். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. படித்தவன், ஆனைமங்கலச் செப்பேட்டைப் பற்றிக் கட்டுரை எழுதியவன். தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அப்பாயி வந்து பார்த்து, குனிந்து அந்தத் துணிகளை இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக் கூடத்துக்குக் கொண்டு போனார். பாயும் பின்னாலேயே போனார். கணக்கு முடிந்தது. அடுத்த வருடம் அவர் வரவில்லை. சந்தனமும் வரவில்லை. அந்தக் கோடையில் எங்கள் திண்ணைக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டார்கள்.

குண்டு வைத்தவனை நான் கண்டதில்லை. அவன் செய்ய நினைத்ததன் கடைசிப் பகுதியை எங்கள் திண்ணை செய்து முடித்தது. நான் அதற்கு உடனிருந்தேன். தர்காவுக்குப் போவது மார்க்கத்தில் இல்லை என்று ஒரு முஸ்லிம் வாதிடலாம். இந்து எதற்கு மாதா கோயிலுக்கு நடக்க வேண்டும் என்று ஒரு இந்து கேட்கலாம். வாதம் செய்ய யாருக்கும் உரிமை உண்டு. வாதத்தில் மிரட்டல் புகும்போதுதான் தீவிரவாதம் தொடங்குகிறது. அந்த மிரட்டலுக்குப் பயந்து அண்டை வீட்டார் மூட்டையை அவிழ்க்கச் சொல்லும்போது அது ஜெயித்துவிடுகிறது. பலரும் கலந்து போகும் இடங்களைத்தான் அது தேடிப்பிடித்து அடிக்கிறது. 2017இல் பாகிஸ்தானில் செஹ்வான் தர்காவை அடித்தது. 2019 ஈஸ்டர் அன்று கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலை அடித்தது. இந்துவும் பௌத்தரும் முஸ்லிமும் மெழுகுவத்தி ஏற்றும் இடம் அது.

*

2004 டிசம்பர் 25 விடுமுறைக்கு ஊரில் இருந்தேன். அன்று எங்கள் சாலையில் ஒரு பக்கம் வேளாங்கண்ணி போகும் வேன்கள், இன்னொரு பக்கம் வெண்மணித் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தப் போகும் செங்கொடி வண்டிகள். மறுநாள் ஞாயிறு காலை, "கடல் உள்ள வந்துட்டு" என்று கத்திக்கொண்டு கிழக்கேயிருந்து ஜனம் வரத் தொடங்கியது. லாரியில், டிராக்டரில், ஈரத் துணியோடு ஓட்டமாக. மீனவர்கள், நாகூர் முஸ்லிம்கள், வேளாங்கண்ணிக்கு வந்த மலையாளிகள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நாகூர் தர்கா தன் இடத்தை அடக்கத்துக்குத் திறந்துவிட்டது. எந்த மதத்துப் பிணம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அப்பாயிக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. கம்பிக் கதவின் பூட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த பாத்திரம் அத்தனையையும் திண்ணைக்கு எடுத்துவரச் சொன்னார். பதினோரு மணி இருக்கும். ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மடை பார்த்தவரின் மகன், 1984இல் காய்ச்சலில் கிடந்த அந்தப் பிள்ளை. மயங்கிக் கிடந்த ஒரு சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணை ஏறி, ரேழி தாண்டி, கூடத்துக்கு வந்து, ஊஞ்சல் பலகையில் படுக்க வைத்தான். அவன் அப்பா முப்பது வருடம் வேலை செய்தும் நுழையாத வழி. "தண்ணி" என்றான். அப்பாயி லோட்டாவை அவன் கையில் கொடுத்தார். அவன் சிறுமிக்குப் புகட்டினான். மிச்சத்தை அண்ணாந்து தானும் குடித்தான். அப்பாயி லோட்டாவைத் திரும்ப வாங்கி, அதிலேயே மொண்டு அடுத்தவருக்குக் கொடுத்தார்.

அன்று எல்லாம் மாறிவிட்டது என்று நம்பினேன். சில நாட்களில் கடலோர முகாம்களிலிருந்து புகார்கள் வந்தன. தலித் குடும்பங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, குடிநீர்த் தொட்டியைத் தொட விடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. பெருந்தண்ணீர் வந்து எல்லாரையும் ஒன்றாகப் புரட்டிப்போட்டது. அது வடிந்ததும் பழைய வரப்புகள் தெரியத் தொடங்கின.

கடைமடைக்காரனுக்கு இது புரிய வேண்டிய விஷயம். வெள்ளத்தை நம்பிப் பயிர் வைக்க முடியாது. முறைத் தண்ணீர்தான் பயிரைக் காப்பாற்றும். எங்கள் பக்கத்து மத நல்லிணக்கம் பெரும்பாலும் வெள்ளம்போல வந்தது. திருவிழாவில் வந்தது, துயரத்தில் வந்தது. முறையாக, உரிமையாக, தினப்படி நியாயமாக அது எல்லார் வயலுக்கும் திருப்பிவிடப்படவில்லை. 2016இல் வேதாரண்யம் அருகே பழங்கள்ளிமேட்டில் தலித் மக்கள் கோயில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி கேட்டார்கள். ஒரு நாள், ஒரு முறை. அது மறுக்கப்பட்டதும் இஸ்லாத்துக்கு மாறப்போவதாகச் சொன்னார்கள். உடனே மதம் செய்தியாயிற்று. கேட்ட முறை பின்னால் போயிற்று. அடுத்த மதத்தாரை மதிப்பதாகச் சொல்லும் ஒவ்வொரு ஊரும் தன் வாய்க்காலின் கடைசி வயல் நனைந்ததா என்று போய்ப் பார்க்க வேண்டும். அது காய்ந்து கிடக்கும் ஊரில் வெறுப்பை விதைப்பவனுக்கு வேலை எளிது.

*

சாலை அகலமானபோது எங்கள் திண்ணை போய்விட்டது. அப்பாயியும் இல்லை, மடை பார்த்த பெரியவரும் இல்லை. போன ஆவணியில் ஊருக்குப் போயிருந்தேன். காவிக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அவர் மகனை வாய்க்கால் மதகருகே பார்த்தேன். அவனுக்கும் இப்போது ஐம்பதை நெருங்குகிறது. 1984 ஆகஸ்டைப் பற்றி நாற்பது வருடமாக மனதில் வைத்திருந்ததை அவனிடம் சொன்னேன். கையில் ஊற்றிய தண்ணீரைப் பற்றி அவன் அப்பா எப்போதாவது பேசியிருக்கிறாரா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "அதெல்லாம் சொன்னதில்லீங்க. அப்ப எல்லா வீட்டுலயும் அப்படித்தானே. ஆனா முடிஞ்சப்பல்லாம் வியாழக்கெழம ராத்திரி நாகூர் போயிருவாரு. தர்காவுல போய்ப் படுத்துக்குவாரு."

"வேண்டுதலா?"

"இல்லீங்க. சும்மா தூங்கத்தான். அங்க எங்க படுத்தாலும் யாரும் வந்து எழுப்ப மாட்டாங்கன்னு சொல்லுவாரு."

நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரார் வயலெல்லாம் நனையும்வரை ராத்திரியெல்லாம் விழித்திருந்தவர் அவர். யாரும் எழுப்பாமல் ஒரு ராத்திரி தூங்குவதற்கு, எங்கள் திண்ணையைத் தாண்டி, அந்தச் சாலையிலேயே, கடற்கரை வரைக்கும் போக வேண்டியிருந்திருக்கிறது.